மானாம்பதிப் பெட்டியில் ஒரு வரி

போன திங்கட்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது உன்னிடமிருந்து மெயில் வந்தது.

"ஏய், செர்ட் முடிய இன்னும் முப்பது நாள்தான் கீது. நடு ஃபைல மறந்துட்டு அப்புறம் முழிச்சிக்கினு நிக்காத."

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. நம் சர்வரின் சான்றிதழ் காலாவதியாகுமுன் என்னை எச்சரிப்பதற்காக நீ எழுதிவைத்த குட்டி நிரல் அது. வருடத்துக்கு ஒரு முறை எழுந்து தேதியைப் பார்க்கும், என்னைத் திட்டும், மறுபடி தூங்கிவிடும். இதுவரை அது வந்தபோதெல்லாம் நீ எதிர் நாற்காலியில் இருந்தாய். வாயில் நுரையோடு நின்றபடி இரண்டு தடவை படித்தேன். முதலில் சிரிப்புதான் வந்தது. அழுகை உத்திரமேரூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு வந்தது. பக்கத்து சீட் அம்மாள் முறுக்குப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாள். வாங்கித் தின்றேன்.

உன்னிடம் சொல்லாமல் விட்ட விஷயம் ஒன்று எனக்கு உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் நான் நேராக விஷயத்துக்கு வருகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும்.

ஏனாத்தூர் காலேஜில் நாலு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். படிப்பு முடிந்ததும் எல்லோரும் சென்னைக்கு மூட்டை கட்டியபோது, நீ மட்டும் "நம்மூர்லயே கடை போடலாம்டி" என்றாய். உரக்கடை மாடியில் ஒரு அறை, இரண்டு மேஜை, நெடியடிக்கும் யூரியா வாசனை. பால் கம்பெனி ஒன்று பதினோரு ஊர்களில் வைத்திருந்த குளிரூட்டும் தொட்டிகளுக்கு நாம் பெட்டி செய்து கொடுத்தோம். பெட்டி தொட்டியின் சூட்டைப் பார்த்து நம் சர்வருக்குச் சொல்லும். குளிரை ஏற்று, இறக்கு என்று சர்வர் சொன்னால் கேட்கும். பேச்சு ஒழுங்காக நடந்தால் பச்சை விளக்கு, அறுந்தால் சிவப்பு. லாரி வரும்போது சிவப்பு எரிந்தால் அந்த ஊர்ப் பாலை ஏற்றமாட்டார்கள். அது கம்பெனி வைத்த சட்டம்.

முதல் பெட்டியைப் பொருத்தப் போன ஊரில் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த நிலையத்துப் பெரியவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. உன் ஊர் மானாம்பதி என்று தெரிந்ததும் உன்னைப் பார்த்துத்தான், "நீ யார் வூட்டுப் பொண்ணுமா? மானாம்பதில எந்தப் பக்கம்?" என்றார். எந்தப் பக்கம் என்றால் ஊரா, காலனியா என்று அர்த்தம். எனக்குக் காது சூடாகிவிட்டது. நீ ஸ்குரூ டிரைவரைக் கையில் சுற்றிக்கொண்டே, "பொட்டிய எந்தப் பக்கம் வைக்கணும், அத சொல்லுங்க சார்" என்றாய்.

திரும்பி வரும்போது ஸ்கூட்டரில் நான் பொங்கிக்கொண்டிருந்தேன். உன் அம்மா பக்கத்து ஊரிலிருந்து வந்து எங்கள் வயலில் நாற்று நட்டவர். எங்கள் வீட்டாரும் அதே கேள்வியைக் கேட்டுப் பழகியவர்கள்தான். அதனால் என் கோபத்தில் பாதி எனக்கே எதிரானது. நீயோ ஏரிக்கரைக் காற்றில் தலைமுடியை ஒதுக்கியபடி சொன்னாய்: "மெசின பாத்து நீ யாரு, உன்ன யாரு அனுப்புனதுனு கேக்கலனா தப்பு. மனுசன பாத்து கேட்டா தப்பு. அந்தாளு மாத்தி கேக்கறாரு, அவ்ளோதான்."

நம் தொழிலே அந்தக் கேள்விதான். சர்வர் தன் சான்றிதழை நீட்டும். அதில் கையெழுத்துப் போட்டது யார் என்று பெட்டி பார்க்கும். அந்தக் கையெழுத்துக்காரருக்குக் கையெழுத்துப் போட்டது யார் என்று மேலே போகும். கடைசியில் தனக்கு ஏற்கெனவே தெரிந்த மூலச் சான்றிதழில் போய் நின்றால்தான் பேச்சைத் தொடங்கும். எனக்கு இது மண்டையில் ஏறவே இல்லை. நீதான் சொன்னாய்: "கலெக்டர் கையெழுத்து மட்டும் தெரிஞ்சவன்கிட்ட வி.ஏ.ஓ. குடுத்த காயிதத்த நீட்டுனா இன்னா சொல்வான்? நடுவுல தாசில்தார் காயிதம் எங்கனு கேப்பான்ல? அதான்டி செயின்." சாதிச் சான்றிதழுக்காக மூன்று ஆபீஸ் படி ஏறி இறங்கியவள் சொன்ன விளக்கம். எந்தப் புத்தகத்திலும் எனக்கு இப்படிப் புரிந்ததில்லை.

புரிந்தும் கோட்டை விட்டேன். பெட்டிகள் வைத்த அடுத்த கோடையில் சான்றிதழைப் புதுப்பித்து சர்வரில் போட்டது நான்தான். நடு ஃபைலை, அதாவது தாசில்தார் காகிதத்தை, வைக்க மறந்துவிட்டேன். லேப்டாப்பில் திறந்து பார்த்தேன். பூட்டுப் படம் அழகாக வந்தது. "வருதுடி!" என்று கத்திவிட்டு நாஷ்டாவுக்குக் கீழே இறங்கிப் போனேன். பிரௌசருக்கு அந்த நடு ஃபைல் வேறு எங்கேயோ பார்த்த பழக்கத்தில் கையில் இருக்கும், அதுவே ஒட்டவைத்துக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்? பெட்டிக்கு அந்த வசதி இல்லை. அதற்குத் தெரிந்தது மூலம் ஒன்றுதான். இட்லியைப் பிட்டு வாயில் வைப்பதற்குள் போன் அடித்தது. பதினோரு ஊரிலும் சிவப்பு.

நீ என்னைத் திட்டவில்லை. "நீ மானாம்பதி போ, பொட்டில இன்னா எர்ரர்னு பாத்து சொல்லு. நான் சர்வர பாக்கறேன்" என்று ஸ்கூட்டர் சாவியைத் தூக்கிப் போட்டாய். போனேன். கையெழுத்துப் போட்டவரைச் சரிபார்க்க முடியவில்லை என்று பெட்டி சொன்னது. போனில் உன்னிடம் சொன்னேன். "தெரிஞ்சிபோச்சி, நடுவுல ஆள காணோம். போட்டுக்கினு கீறேன், பத்து நிமிசம் இரு" என்றாய்.

பத்து நிமிடம்! வெளியே லாரி டிரைவர் ஹாரனை அழுத்திக்கொண்டிருந்தார். நிலையத்து அக்கா, "இன்னாமா, மொத்த பாலையும் கீழ ஊத்தணுமா?" என்று பேஜார் பண்ணினாள். வரிசையில் காலிக் கேனோடு உன் அம்மா நின்றிருந்தார். காலையிலேயே பாலை ஊற்றிவிட்டு, அது லாரி ஏறுமா என்று பார்க்க நின்றிருந்தார். என்னைப் பார்த்து, "வாங்கம்மா, நீங்க வந்துட்டீங்க, இனிமே சரியாயிடும்" என்றார். அந்த "வாங்க" எப்போதும் என்னைக் கூனிக் குறுக வைக்கும். நீ எத்தனை தடவை அவரிடம் சண்டை போட்டிருப்பாய், என் வயசுக்காரிக்கு எதுக்கும்மா வாங்க போங்க என்று.

என்னால் பத்து நிமிடம் பொறுக்க முடியவில்லை. பெட்டியின் நிரலில் சரிபார்ப்பை ஒரே வரியில் அணைத்தேன். உடனே பச்சை. லாரி பாலை ஏற்றியது. உன் அம்மா சிரித்தார். கொஞ்ச நேரத்தில் நீ போனில், "பதினொண்ணும் பச்சைடி!" என்று குதித்தாய். நான், "ஆமாண்டி, பச்சை" என்றேன்.

பத்துப் பெட்டி உன்னால் பச்சை. ஒன்று என் திருட்டுத்தனத்தால் பச்சை. அன்று முதல் அந்த ஒரு பெட்டி யாரையும் எதுவும் கேட்காது. எவன் வந்து "நான்தான் சர்வர், குளிரை நிறுத்து" என்றாலும் நிறுத்திவிடும். அதுவும் உன் ஊரில், உன் அம்மா பால் ஊற்றும் தொட்டியில்.

மறுநாளே போய் சரிசெய்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் வேறு வேலை. அதன் பிறகு வெட்கம். மானாம்பதி வேலை வந்தாலே, "உங்க ஊர் தானே, நீயே போ" என்று உன் தலையில் கட்டிவிட்டேன். எத்தனை டீயை எதிரெதிரே உட்கார்ந்து குடித்தோம்! ஒவ்வொரு டீயிலும் சொல்லிவிடலாம் என்று வாய் எடுத்திருக்கிறேன். பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், "செர்ட்ட பாத்துக்கோ" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். காய்ச்சலில் கிடப்பவளிடம் எதற்கு என்று ஒத்திப்போட்டேன். பத்தாம் நாள் நீ இல்லை.

இந்த முறை நடு ஃபைல் மட்டும் போதாது. மூலச் சான்றிதழே மாறுகிறது. பழையதைத் தெரிந்து வைத்திருக்கும் பெட்டி ஒவ்வொன்றுக்கும் நேரில் போய்ப் புதியதைச் சொல்லித் தர வேண்டும். பத்து ஊரை முடித்துவிட்டு, மானாம்பதியைக் கடைசிக்குத் தள்ளி, இன்று காலை போனேன்.

வயரை மாட்டினேன். நிரலைத் திறந்தேன். என் திருட்டு வரியைத் தேடினேன். அங்கே இல்லை. சரிபார்ப்பு பழையபடி இயங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே நீ எப்போதும் எழுதும் பாணியில் ஒரு குறிப்பு:

"இது ஆஃப்ல இருந்திச்சி. ஆன் பண்ட்டேன். அவளா சொல்றப்ப சொல்லட்டும். நான் கேக்க மாட்டேன்."

குறிப்பின் கீழே தேதியும் போட்டிருந்தாய். நான் அணைத்ததற்கு ஆறாவது நாள். ஆறே நாள்! அதற்குப் பிறகு இத்தனை வருடமும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, என் டீயில் சர்க்கரை போட்டுக் கலக்கித் தந்து, ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறாய். கிராதகி. உன்னை எத்தனை பிடிக்கும் என்று நான் உன்னிடம் சொன்னதே இல்லை, அதையும் சேர்த்து இப்போது சொல்கிறேன்.

புதிய மூலத்தைப் போட்டேன். உன் குறிப்பில் கை வைக்கவில்லை. பச்சை விளக்கு வந்தது, இந்தத் தடவை நியாயமாக. தலையை நிமிர்த்தினால் உன் அம்மா கேனோடு நிற்கிறார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, அழுவுறியா? வா, வூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்ட்டு போ" என்றார். வா என்றார். நீ இத்தனை நாள் போட்ட சண்டை ஜெயித்துவிட்டது.

போனேன். உன் தட்டில்தான் சோறு போட்டார். நீ உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, அன்று அணைத்தது நான்தான், பயந்துதான் அணைத்தேன், பயந்துதான் மறைத்தேன் என்று அவரிடம் சொன்னேன். அவருக்குப் பாதி புரியவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே, "அத அவ அப்பவே சொன்னா. நீ சொல்ற வரைக்கும் நானும் கேக்கக் கூடாதுன்னுட்டா" என்றார்.