ஸ்பீக்கர் ஸ்க்ரூவும் த்ராட்டில் வயரும்

ஒர்க்‌ஷாப் முதலாளி அவர்களுக்கு,

"கார் வயரை ஆட்டிப் பாருங்க" என்று நான் சொன்னதற்கு, "நீ போய் அடுப்பைப் பாரு" என்றீர்களே, பார்த்துவிட்டேன். சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிக்கொள்ளுங்கள், அதற்குக் கார் கோளாறு கண்டுபிடிக்கும் ஸ்கேனர் வேண்டாம்.

காரை நான் எடுத்துப் போகிறேன். ஆமாம், ஓடுகிறது! அன்றைக்கு எவ்வளவு மிதித்தும் வேகம் எடுக்காமல் நடுரோட்டில் அது திணறியபோது, "இவளுக்கு ஆக்சிலேட்டரை மிதிக்கத் தெரியல" என்று அத்தையிடம் போனில் சொல்லிச் சிரித்தீர்கள். என்ஜினுக்குக் காற்று விடும் த்ராட்டிலோடு தொடர்பு இல்லை என்று ஸ்கேனர் கத்தியது. த்ராட்டிலை மாற்றினீர்கள், பெடலை மாற்றினீர்கள். என்னை மாற்றாததுதான் பாக்கி.

இன்று டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். நீங்கள் ஆசையாகப் பூட்டிய புது ஸ்பீக்கரின் ஸ்க்ரூ, த்ராட்டில் வயரின் தோலைக் கிழித்துக்கொண்டு நின்றது. ஸ்பீக்கரைக் கழற்றி, வயருக்கு டேப் சுற்றினேன். ஸ்கேனர் வாயை மூடிக்கொண்டது.

ஸ்பீக்கர் உங்கள் தலையணை மேல் இருக்கிறது. கட்டிப்பிடித்துத் தூங்குங்கள்.

பி.கு.: அத்தையைக் கூட்டி வரத்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போகிறேன். "நீயா ஓட்டிட்டு வர்ற?" என்று இப்போதே பயப்படுகிறார். வீட்டுக்கு வந்ததும் நடந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று: ஸ்க்ரூவைத் தேடாதீர்கள். என் கைப்பையில் இருக்கிறது. நீங்கள் மறந்தாலும் அது சொல்லும்.