நான் உட்காந்திருக்கேன், நீ படி

அன்புள்ள குட்டிம்மா,

இங்கே அம்மாவும் நானும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு எழுதுகிறேன். சாவிக்கடையில் வேலை பரவாயில்லை, முழங்கால்தான் அவ்வப்போது என்னோடு முறைத்துக்கொள்கிறது. எழுத உட்கார்ந்தது உன் அம்மாவைப் பற்றி. ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் இருபத்தாறு வருஷம் போன் எடுத்தவள், வேலையிலிருந்து ஓய்வு கிடைத்ததும் படிக்கலாம் என்று அலமாரி நிறைய நாவல் வாங்கி அடுக்கியவள், ஓய்வு வந்த பிறகு அவளால் ஒரு பக்கம் தாண்ட முடியவில்லை. உன்னிடம் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. நான்கு வரி படிப்பாள், தலை தூக்கிப் போனைப் பார்ப்பாள், அது அடித்திருக்காது, மறுபடி முதல் வரி. போனை அணைத்து வைத்தும் பார்த்தோம், அது இன்னும் மோசம், யாரோ கூப்பிட்டு எடுக்க ஆளில்லாமல் போய்விட்டதோ என்று எழுந்து போய் அதை மறுபடி போட்டுவிடுவாள். நான் கவலைப்படக் கூடாதென்று சும்மாவே பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள், கதை என்னவென்று கேட்டால் விழிப்பாள். ஒருநாள் புத்தகத்தை மூடிவிட்டு, "ஊருக்கெல்லாம் காது கொடுத்து என் புத்தியைத் தொலைச்சுட்டேங்க" என்று அழுதாள். தன் வேலையை அவள் நொந்துகொண்டது அன்றைக்கு மட்டும்தான்.

நானாயிருந்தால் புத்தகங்களை எடைக்குப் போட்டிருப்பேன். அவள் விடவில்லை, யோசித்து அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். அந்தக் கட்டுப்பாட்டு அறையில் சாப்பிட எழுந்தால் இன்னொருவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்து "நான் உட்காந்திருக்கேன், நீ போ" என்று சொல்ல வேண்டுமாம், அதைக் கேட்டால்தான் சாப்பாடு தொண்டையில் இறங்குமாம். அதனால் இப்போது கடையடைத்து வந்ததும் போன் பக்கத்தில் நாற்காலி போட்டு, "நான் உட்காந்திருக்கேன், நீ படி" என்கிறேன். முதல் வாரம் எனக்கே சிரிப்பு வந்தது. அவள் தலை தூக்குவாள், நான் கையசைப்பேன், அவள் குனிந்துகொள்வாள். அரைப் பக்கம், அப்புறம் இரண்டு பக்கம், ஐந்தாம் மாதம் ஒரு முழு அத்தியாயம். நேற்றுப் படித்தது மறந்துபோனால் முகம் சுளிக்காமல் திரும்ப முதலிலிருந்து தொடங்குவாள். எத்தனையோ பிடிவாதமான பூட்டுகளோடு மல்லுக்கட்டியவன் நான், இந்தப் பொறுமை எனக்கு வராதம்மா.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது அம்மா குளிக்கிறாள் என்று சொன்னேனே, அது பொய். மூன்றடி தள்ளித்தான் இருந்தாள். போன் ஏழு முறை அடித்தது, நான் எடுக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் நிமிரவில்லை, பக்கத்தைத் திருப்பினாள், தனக்குள் சிரித்துக்கொண்டாள். கடைசியில் போனை எடுத்த பிறகும் அவளைக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. அதற்காகக் கோபித்துக்கொள்ளாதே.

தலைவலிக்கு மாத்திரையே போட்டுக்கொண்டிராமல் கண்ணைப் பரிசோதித்துக்கொள், மறக்காதே. நீங்கள் இருவரும் மனம் நிறைந்து வாழ வேண்டும். அம்மாவின் ஆசியையும் நானே சேர்த்து எழுதிவிடுகிறேன், இரண்டு தரம் கேட்டேன், அவள் காதில் விழவில்லை.

உன் அப்பா