மலைக்குக் கிடைத்த குரல்

ஜனவரி 17, சனி இரவு

வேலையிடத்து ஆட்களோடு சுவிஸ் மலைக்குப் போன என் கணவர் இன்று ஒரு வீடியோ அனுப்பினார். மலை உச்சியில் நிலவு வெளிச்சம். பனி நீலமாகக் கிடக்கிறது, காற்றின் சத்தம்கூட இல்லை. படம் பிடித்தபடியே இவர் மெல்லச் சொல்கிறார்: "என்ன வடிவு... என்ன வடிவு."

ஒரு மலையைப் பார்த்து வயிறெரிகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இங்கே சட்டனில், எங்கள் வீட்டில் இருந்து இவர் போனில் கதைத்தால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். கறிக்கு உப்புக் காணாது என்பதையும் கத்தித்தான் சொல்வார். இந்த மனிசனிடம் இப்படியொரு குரல் இத்தனை காலமும் எங்கே இருந்தது? கலியாணத்தன்று முழு அலங்காரத்தோடு பக்கத்தில் இருந்த என்னைப் பார்த்து, "வேர்க்குதோ?" என்றுதான் கேட்டார்.

பிறகு போன் எடுத்தார். வழமையான கத்தல்.

"வீடியோ பாத்தனீரே?"

"ஓம், பாத்தன். வெறும் ஸ்நோதானே," என்றேன்.

"உமக்கு இதெல்லாம் எங்க விளங்கப்போகுது!" என்று சிரித்துவிட்டு வைத்தார்.

இனி விளக்கை அணைத்துவிட்டு அந்த வீடியோவை இன்னொரு தரம் போடப்போகிறேன், போனைக் கவிழ்த்து வைத்து. மலை எனக்குத் தேவையில்லை.