குளம் சிவந்த பங்குனி

16-3-1938
வகுப்பில் பதினொரு பெண்கள். நான் இந்த அன்னவாசலுக்கு வந்த அன்று மூன்றே பேர். எட்டு மாதத்தில் வீடு வீடாகப் போய்ச் சேர்த்தது இந்தப் பிரகதாம்பாள்தான். நானே சொல்லிக்கொள்ளாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

19-3-1938
பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் குளம் நடுப்பகலில் குங்குமம் கரைத்த மாதிரி சிவந்து கிடக்கிறது. ஊரே கரையில் நின்றது. ஊர்த் தலைவரான அம்பலகாரர் ஐயனாரின் மனைவி சொர்ணவல்லி என்னிடம் நேராகவே கேட்டார்.

"டீச்சரம்மா, நீங்க தூரமா இருந்தப்ப கொளத்துல எறங்குனீங்களா?"

மாதவிலக்கு நாட்களில் பெண்கள் குளத்துப் பக்கம் வரக்கூடாது என்பது இங்கே கட்டுப்பாடு. செவ்வாய்க்கிழமை சேலை அலச இறங்கினேன்தான். "ஆமா, எறங்குனேன்" என்றேன். பொய் சொல்ல வரவில்லை.

21-3-1938
இரண்டு பேர்தான் படிக்க வந்தார்கள். வெள்ளிக்கிழமை பஞ்சாயத்தாம். என்னை மாற்றச் சொல்லி மனு எழுதிக் கைநாட்டும் வாங்கியாயிற்று. நான் போனால் இங்கே வேறொருத்தி வரமாட்டாள். பள்ளிக்கூடத்தை மூட வேண்டியதுதான். அப்படி என்ன பண்ணிட்டேன் நான்? துணி அலசுனேன், அம்புட்டுத்தானே — அழுதேன்.

22-3-1938
ஒரு சங்கதி கவனித்தேன். வாசலில் வாளியில் இருந்த குளத்துத் தண்ணீர் சிவப்பு. பாத்திரம் கழுவ உள்ளே மொண்டு வைத்திருந்த அதே தண்ணீர் பச்சை. நாள் முழுக்க ஓடி ஓடிப் பார்த்தேன். காலையில் குளம் பச்சை, வெயில் ஏறினால் சிவப்பு, சாயங்காலம் மறுபடி பச்சை. என் தூரம் என்ன, தினம் வெயிலோடு வந்து வெயிலோடு போகிறதா?

ஒரு புட்டியில் பிடித்து, புதுக்கோட்டையில் டீச்சராக இருக்கும் அடைக்கலமேரிக்கு பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். அவள் பள்ளிக்கூடத்தில் மைக்ராஸ்கோப் இருக்கிறது.

24-3-1938
மேரியின் கடிதம் வந்துவிட்டது. ஒரு துளிக்குள் நூற்றுக்கணக்கான உயிர்கள் வாலை ஆட்டிக்கொண்டு நீந்துகின்றனவாம். ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஒரு சிவப்புப் புள்ளி. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அறிய அது உதவுகிறதாம். வெயில் சுட்டால் உடம்புக்குள் இருக்கும் சிவப்பை மேலே பரப்பிக்கொள்கின்றன, நிழல் வந்தால் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. நாம் தலையில் முக்காடு போட்டு எடுப்பது போலத்தான். கண்ணுக்கே தெரியாத உயிருக்கு இவ்வளவு சூட்சுமமா?

25-3-1938
குளக்கரையில் பஞ்சாயத்து. இரண்டு வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களில் குளத்துத் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றை வெயிலில் வைத்தேன், மற்றதன்மேல் கூடையைக் கவிழ்த்தேன். அரை மணி கழித்துத் திறந்தால் ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை.

"இது கண்கட்டு வித்தை" என்றார் அம்பலகாரர்.

சொர்ணவல்லி எழுந்து வந்தார். "ரெண்டையும் மாத்தி வச்சுப் பாப்பம். நீங்க தொட வேணாம், நான் வைக்கிறேன்."

மாற்றி வைத்தார். இன்னும் அரை மணி யாரும் கலையவில்லை. கூடைக்கு வெளியே பச்சை சிவந்தது. உள்ளே சிவப்பு பச்சையானது. சொர்ணவல்லி இரண்டையும் கையில் ஏந்தி எல்லாருக்கும் காட்டினார்.

"அப்ப வெயிலுதானா?" என்றார் அம்பலகாரர். மனுவை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டார்.

எனக்கு இன்று தலைக்கனம். இருந்துவிட்டுப் போகட்டும்.

28-3-1938
ஒன்பது பேர் வந்தார்கள்.

6-4-1938
பதினொருவரும் வந்தாயிற்று. நடுப்பகலில் கை கழுவக் குளத்துக்குப் போனேன். தண்ணீர் சிவந்துதான் கிடந்தது. சொர்ணவல்லி துணி மூட்டையோடு படியில் நின்றிருந்தார். எதிர்க்கரையில் மாடு குளிப்பாட்டிய ஆண்களுக்கும் கேட்கும்படி, "எனக்கு இன்னைக்கு ரெண்டாம் நாளு, டீச்சரம்மா" என்றார். முழங்கால் ஆழத்துக்கு இறங்கிச் சேலையை அலசினார். அப்புறம் துவைகல்லில் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.