பச்சைப் பூசணம்

அன்புத் தங்கைக்கு,

நீ டப்பாவில் அனுப்பிய பச்சைப் பூசணம் காம்பினாஸ் ஊரில் என் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தது. "பூஞ்சைதானே உன் பொழப்பு, இது எங்கேருந்து வந்துச்சுன்னு பாத்துச் சொல்லுக்கா" என்று எழுதியிருந்தாய்.

உன் கொட்டகையில் காளான் படுக்கை ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று மாப்பிள்ளை ஷோஜி போனில் சொன்னார். "படுக்கை போடக் கரும்புச் சக்கை கொண்டாந்த வால்தெசிர்தான் காரணம். இனி அவன் லாரி இந்தப் பக்கம் வரட்டும், பாத்துக்கிறேன்" என்றார்.

எங்கள் ஆய்வகத்துப் பூஞ்சையும் பச்சைதான். சக்கையிலிருந்து எரிபொருள் எடுப்பதற்காக, அதை அகோரப் பசியோடு இருக்கும்படி நாங்களே மாற்றி வளர்த்திருக்கிறோம்.

உன் பிறந்தநாளுக்கு வேலையிலிருந்து நேராக வந்தேன். "மொட்டு விட்டிருக்கு, வந்து பாருக்கா" என்று கொட்டகையிலிருந்து கூப்பிட்டாய். ஓடி வந்தேன். பிறகு வீட்டு வாசலில் மட்டும் மறக்காமல் ஷூவைக் கழற்றினேன். அம்மா வளர்ப்பு.

நீ அனுப்பியதைச் சோதித்தேன். நம்பாமல் மறுபடியும் சோதித்தேன்.

வால்தெசிரைத் திரும்பக் கூப்பிடு. அவர் சக்கை சுத்தமானது. மழையில் நனைந்ததென்று உன் வீட்டிலேயே விட்டு வந்தேனே, அந்த ஷூவை எரித்துவிடு.

மாப்பிள்ளையிடம் நானே வந்து சொல்கிறேன். அன்றைக்கு என்னை உள்ளே கூப்பிடாதே. வெளியிலேயே நிற்கிறேன்.

உன் அக்கா