அப்பா பெயரில் வந்த ஹால் டிக்கெட்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். அப்பாவின் மூட்டுவலியும் அவரோடு சேர்ந்து காலையில் கடைக்குப் போய்விட்டு, வீடு திரும்பிய பிறகுதான் புலம்ப ஆரம்பிக்கிறது, அதனால் அதுவும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, ஈரத் தலையோடு வெளியே ஓடாமல், நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பிக்கை இல்லாவிட்டாலும் அப்படித்தானே எழுத வேண்டும்.

போன வாரம் போனில் பேசும்போது, அப்பா ஏன் ஹலோ சொல்வதற்குப் பதில் ‘உள்ள வந்தா டெபிட்’ என்று சொன்னார், அவருக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று பயந்துபோய்க் கேட்டாயே, நான் வாயைத் திறப்பதற்குள் அவர் போனைப் பிடுங்கி உன் ஊரில் மழையா வெயிலா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். அவர் பக்கத்தில் இருக்கும்வரை இந்தக் கதையைப் போனில் சொல்ல முடியாது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவர் ஒரு பரீட்சை எழுதினார். எழுத வேண்டியது நான், எழுதியது அவர். முதலிலிருந்து சொல்கிறேன், வேலை இருந்தால் முடித்துவிட்டு வந்து படி.

எங்கள் மிருக ஆஸ்பத்திரியில் பின்னறையில் கணக்கு எழுதுகிறவரை உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரு கண்ணாடியை மூக்கிலும் இன்னொன்றை நெற்றியிலும் மாட்டிக்கொண்டு மூன்றாவதைத் தேடுவாரே, அவர்தான். மகனோடு போய் இருக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். டாக்டர் என்னைக் கூப்பிட்டு, இத்தனை வருஷமாக முன்னறையில் சீட்டு எழுதுகிறீர்கள், மருந்து வரவும் யார் யார் பாக்கி என்பதும் உங்களுக்கு அத்துப்படி, அந்த இடத்துக்கு உங்களைத்தான் நினைத்தேன், ஆனால் வருஷக் கணக்கைப் பார்க்க வரும் ஆடிட்டர் முதல் நிலைச் சான்றிதழாவது இருந்தால்தான் ஒத்துக்கொள்வார் என்றார். கண்ணாடிக்காரர் கிளம்புவதற்குள் வாங்கிவிட்டால் நாற்காலி எனக்கு, இல்லாவிட்டால் மருந்துக் கம்பெனிக்காரரின் கொழுந்தியாளுக்கு. அந்த அறையில் ஜன்னல் இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது, எந்த நாயும் அங்கே வந்து என் புடவையை நனைக்காது. அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று அந்த நிமிஷம் வரை எனக்கே தெரியாது. உன்னிடம் சொல்லாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. சொல்லியிருந்தால் ஐந்து புத்தகம் அனுப்பிவிட்டு எந்தப் பாடம் முடித்தாய் என்று தினமும் கேட்டிருப்பாய். நீ பள்ளியில் படித்தபோது நான் அதைத்தான் செய்தேன், அது எவ்வளவு கொடுமை என்று எனக்குத் தெரியும்.

விஷயம் கேள்விப்பட்டதும் உன் மாமா ஒரு பை நிறைய விளம்பரத் தாள்களை அள்ளிக்கொண்டு வந்தார். இன்சூரன்ஸ் விற்றுப் பழகியவர் இல்லையா, எதையும் தரையில் பரப்பினால்தான் பேச்சு வரும். ஒவ்வொரு படிப்பின் பெயரும் மூன்று நான்கு இங்கிலீஷ் எழுத்துகள், பார்த்தால் சத்து மாத்திரை மாதிரியே இருந்தது. அப்பா ஒரு தாளைத் தூக்கிப் பிடித்து இது சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டார். மாமா சிரிக்கவில்லை. படிப்பதென்றால் பெரிதாகப் படிக்க வேண்டும், நேராக ஆடிட்டராகவே ஆகிவிடு அக்கா என்றார். எத்தனை வருஷம் பிடிக்கும் என்றேன். அவர் விரல்விட்டு எண்ணியதைப் பார்த்தால் நான் மட்டுமல்ல, நீயே ஓய்வு பெற்றுவிடுவாய் போலிருந்தது.

கடைசியில் கடைத்தெருவில் மாடியில் கணக்குப் பாடம் நடத்தும் டீச்சரிடம் போனோம். உன் வயதுதான் இருக்கும். மாமா அத்தனை தாள்களையும் அவள் மேஜையில் கொட்டி இதில் எது பெரியது என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்து, ‘எது பெரிசுங்கறது இருக்கட்டும்மா, நீங்க என்ன வேலை பார்க்கணும், அதைச் சொல்லுங்க’ என்றாள். பில் எழுத வேண்டும், சம்பளம் போட வேண்டும், மருந்து இருப்பு பார்க்க வேண்டும், பேங்குக் கணக்கோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்றேன். எல்லாத் தாளையும் ஓரமாகத் தள்ளிவிட்டு ஒன்றே ஒன்றை என் முன்னால் வைத்தாள். இதுதான் முதல் படி, இதில் சேர முன்னால் எதுவும் படித்திருக்க வேண்டாம், ஒரே தாள், கம்ப்யூட்டரில் எழுத வேண்டும், தேதியை நாமே எடுத்துக்கொள்ளலாம், இது உங்கள் நாற்காலிக்குப் போதும் என்றாள். இதற்கு மேல் இரண்டாவது, மூன்றாவது நிலைகள் உண்டாம், வேண்டுமானால் பிற்பாடு ஏறிக்கொள்ளலாம், வேண்டாவிட்டால் இங்கேயே உட்கார்ந்துகொள்ளலாம், யாரும் பிடித்துத் தள்ள மாட்டார்கள். மாமா சொன்ன ஆடிட்டர் படிப்பு வேறு ரகம், அது நாலைந்து வருஷத்தை அப்படியே விழுங்குமாம். பரீட்சைக்கும் வழி சொன்னாள். முதலில் தேதியைக் குறித்துவிட வேண்டும், பிறகு அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி வந்து பாடங்களைப் பிரிக்க வேண்டும், கடைசி வாரம் புதிதாக ஒரு வரிகூடப் படிக்கக் கூடாது, தப்புப் போட்ட கணக்குகளை மட்டும் திரும்பப் போட வேண்டும். இவ்வளவு தெளிவாக யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை. மாடிப்படி இறங்கும்போது அப்பா, இவ்வளவுதானா, இடது பக்கம் டெபிட், வலது பக்கம் கிரெடிட், இது பூட்டுக்கு மாற்றுச் சாவி போடுவதைவிடச் சுலபம் என்றார். இந்த வார்த்தையை வைத்துக்கொள், பின்னால் வருகிறேன்.

அப்பா எனக்குக் கால அட்டவணை போட்டார். சாவிக் கடையில் உட்கார்ந்து கலர் பென்சிலால் போட்டார். இருப்புக் கணக்குக்கு வெளிர்பச்சை, குளியலுக்குக் கரும்பச்சை, தேநீருக்குப் பழுப்பு, ‘சிரிப்பு’ என்று ஒரு கட்டம் மஞ்சளில். அதைப் போட்டு முடிக்கவே ஒரு வாரம் ஆகிவிட்டதால் நான் படிக்க இருந்ததில் முதல் வாரம் காலி. பிறகு அந்த இரண்டு பச்சைக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாமல், ஒரு நாள் குளிக்க வேண்டிய நேரத்தில் இருப்புக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தேய்மானம் என்று ஒரு பாடம், ஒரு பொருள் வருஷா வருஷம் எவ்வளவு மதிப்பு இழக்கிறது என்று பார்ப்பது. பழகிப் பார்க்க வீட்டிலுள்ள பீரோ, கட்டில், அரைவை இயந்திரம் எல்லாவற்றுக்கும் போட்டேன். அப்பா வந்து எட்டிப் பார்த்து, அப்படியானால் நான் எவ்வளவு தேய்ந்திருக்கிறேன் என்று கேட்டார். வருஷத்துக்கு ஒரே அளவு குறைகிற முறை ஒன்று, முதலில் மளமளவென்று குறைந்து பிறகு மெதுவாகக் குறைகிற முறை ஒன்று, நீங்கள் இரண்டாவது, கல்யாணமான புதிதிலேயே பாதி போய்விட்டது என்றேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் வந்து, அப்போ இனிமேல் மெதுவாகத்தானே குறையும் என்று உறுதிப்படுத்திக்கொண்டு சமாதானமானார்.

இனிதான் கதை. பரீட்சைக்குப் பதிவு செய்வதை அப்பா தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். நீ படி, இதெல்லாம் நான் பார்த்துக்கறேன் என்று மாமா வீட்டுக் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தார். விண்ணப்பிப்பவர் பெயர் என்று கேட்டிருக்கிறது. விண்ணப்பித்துக்கொண்டிருப்பது நான்தானே என்று தன் பெயரைப் போட்டார். கேமராவைப் பாருங்கள் என்றது, பார்த்தார். நானும் அவர் அச்சடித்துக்கொண்டு வந்த ஹால் டிக்கெட் தாளை வாங்கி, தேதியையும் இடத்தையும் மட்டும் பார்த்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

பரீட்சை நாளன்று வாசலில் மேற்பார்வை பார்க்கிற அம்மாள் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் தண்ணீர் பாட்டிலோடு நின்ற அப்பாவைப் பார்த்து, ‘சார், நீங்க ஏன் வெளியில நிக்கறீங்க, உள்ள வாங்க’ என்றார். தாளில் அப்பா பெயர், அப்பா முகம், கண் கொஞ்சம் மூடியிருந்தது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கெஞ்சிப் பார்த்தேன். பெயர் உள்ளவர்தான் எழுதலாம், கட்டிய பணம் திரும்ப வராது, நீங்கள் வேறு தேதிக்கு உங்கள் பெயரில் பதிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார். அப்பா மெதுவாக, வா வீட்டுக்குப் போகலாம் என்றார். எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. ‘வீட்டுக்கா? உள்ள போங்க. சுலபம்னு சொன்னீங்கல்ல, போய் எழுதுங்க’ என்றேன். பல் பிடுங்கப் போகிறவர் மாதிரி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மருந்துக் கம்பெனிக்காரரின் கொழுந்தியாள் ஜன்னலோரம் காற்று வாங்குவது கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று. எல்லாரும் வெளியே வந்த பிறகு அப்பா கடைசியாக வந்தார், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. முதல் கேள்வியில் ஏதோ சூது இருக்கிறது என்று பாதி நேரம் அதையே முறைத்துக்கொண்டிருந்தாராம், மிச்சக் கேள்விகளுக்கு நேரம் போதாமல் எல்லாவற்றுக்கும் மூன்றாவது விடையை அமுக்கிவிட்டாராம். எழுபது எடுத்தால்தான் தேர்ச்சி, அவர் எடுத்தது முப்பத்தொன்று. திட்டலாம் என்று எழுந்தேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, ‘அம்மாடி, இது சுலபமே இல்ல. இதையா நீ ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு, வீட்டு வேலையும் பாத்துட்டுப் படிச்ச?’ என்றார். அதற்கப்புறம் எப்படித் திட்டுவது, சொல்லு.

அடுத்த பரீட்சைத் தேதி கண்ணாடிக்காரர் கிளம்பிய பிறகுதான் இருந்தது. பரீட்சை எழுதிய அன்று சாயங்காலமே அப்பா என்னிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறார். நான் போய்ப் பார்க்கும்போது, நாயும் பூனையுமாக ஆட்கள் நிறைந்த முன்னறையில் நின்றுகொண்டு, தன் மதிப்பெண் தாளை டாக்டரிடம் நீட்டி, இந்த முப்பத்தொன்று என்னுடையது, என் மனைவியுடையது இல்லை, அவள் இன்னும் எழுதவே இல்லை, தப்பு முழுக்க என் மேல், ஒரு மாதம் பொறுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாங்கிக்கொண்ட டாக்டர் நன்றாகப் படிப்பதற்காகத் தாளை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடிக்க, அறை முழுக்கப் பார்த்தது. ஆமையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த ஒரு பெரியவர் நானும் கணக்கில் இப்படித்தான் என்று ஆறுதல் சொன்னார். தன் கடையில் ஒரு பூட்டு உடனே திறக்காவிட்டால்கூட அதை வாடிக்கையாளர் காதில் விழாமல் முணுமுணுக்கிற மனுஷன், அத்தனை பேர் முன்னால் தன் தோல்வியைச் சொல்லிக்கொண்டு நின்றார், கண்ணு. டாக்டர் கண்ணீர் வரச் சிரித்துவிட்டு, ஒரு மாதம் நானே கணக்கைப் பார்த்துக்கொள்கிறேன், அக்கா பெயரில் பதிவு செய்யுங்கள், தயவுசெய்து அக்காவே செய்யட்டும் என்றார்.

நானே செய்தேன். என் பெயரா என்று மூன்று தடவை பார்த்துவிட்டு அமுக்கினேன். டீச்சர் சொன்னபடி கடைசி வாரம் பழைய தப்புகளை மட்டும் போட்டுப் பார்த்தேன், என் தப்புகளில் பாதி அவசரத்தில் கேள்வியைச் சரியாகப் படிக்காததுதான். பரீட்சையில் தேய்மானக் கணக்கு ஒன்று வந்தது, அதுவும் அந்த இரண்டாவது முறையிலேயே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மேற்பார்வை அம்மாள் முறைத்தார். எண்பத்துநான்கு. திரையில் பார்த்தபோது இதிலும் வேறு யாருடைய பெயராவது இருக்கப் போகிறது என்று பெயரைத்தான் முதலில் படித்தேன்.

இந்தத் திங்கட்கிழமை பின்னறைக்குப் போனேன். நாற்காலியில் ஆஸ்பத்திரிப் பூனை படுத்திருந்தது, எழுப்பினால் பிறாண்டும். முதல் நாள் கணக்கு முழுவதும் நின்றுகொண்டே எழுதினேன். ஆனால் ஜன்னல் நிஜமாகவே நல்ல ஜன்னல், எதிர்க் கட்டிடத்துக்கு மேலே கொஞ்சம் வானம்கூடத் தெரிகிறது.

இப்போது வீட்டில் புதிதாக ஒன்று நடக்கிறது. நான் வேலை முடிந்து வந்தால் என் புத்தகம் வைத்த இடத்தில் இருப்பதில்லை. நீ போனில் கேட்ட ‘உள்ள வந்தா டெபிட்’ அதில் வருகிற கணக்கு விதிதான். நேற்று அப்பா சாப்பிட்டுக்கொண்டே, கடைக்கு ஒரு ஆள் வந்தார், அவருக்கு ஒரு சந்தேகம், முன்கூட்டிக் கட்டிய வாடகை சொத்தா செலவா என்று கேட்கிறார், பாவம் படிக்கிறார் போலிருக்கிறது என்றார். அது சொத்து, அடுத்த மாதத்துக்கானது இன்னும் அனுபவிக்காமல் நம்மிடம் இருக்கிறதே, அதனால் என்று சொன்னேன். அப்படியா, அவரிடம் சொல்கிறேன் என்று சோற்றைப் பார்த்தே சொன்னார். அந்த ஆளிடம் இன்னொன்றும் சொல்லுங்கள், முதல் கேள்வி புரியாவிட்டால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம், பிறகு திரும்பி வரலாம், யாரும் தடுக்க மாட்டார்கள் என்றேன். அப்பா தட்டில் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றிக்கொண்டார். பிறகு, ‘அதை அவர்கிட்ட அன்னிக்கே யாராவது சொல்லியிருக்கலாம்’ என்றார்.

இது எதுவும் உனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, அவர் போனில் எது சொன்னாலும் ஆமாம்ப்பா என்று மட்டும் சொல். கண் டாக்டரிடம் போகிறேன் என்று இரண்டு கடிதமாகச் சொல்கிறாய், போய்விட்டு எழுது. நீ எடுத்த காரியமெல்லாம் உன் பெயரிலேயே நல்லபடியாக முடியட்டும், நோய்நொடி இல்லாமல் மனநிறைவோடு இரு. அந்தக் கடை ஆளும் அடுத்த தடவை தேறட்டும் என்று மனதுக்குள் ஒரு வார்த்தை நினைத்துக்கொள்.

எப்போதும் உன்னை நினைத்திருக்கும்,
அம்மா
(முதல் நிலை தேர்ச்சி)