அம்மா வழி வந்தது

அண்ணா,

இன்று திருத்தணி பஸ் ஸ்டாண்டில் பொதட்டூர்பேட்டை வண்டி கிளம்பும்போது டீசல் புகை முகத்தில் அடித்தது. உன் நினைவு வந்துவிட்டது. அந்தத் தடத்தில் எத்தனை வருஷம் நீ டிரைவராக இருந்தாய். உன் காக்கிச் சட்டையில் எப்போதும் இந்த வாடைதான்.

முதலில் உன் காது போனது. கண்டக்டர் விசில் ஊதியும் நீ வண்டியை நிறுத்தவில்லை. "இன்னா டிரைவரே, தூங்கிகினு ஓட்டறியா?" என்று இறங்க வேண்டியவர் கத்தினார். பிறகு சர்க்கரை வந்தது. படியேறினால் கால் துவண்டது. நாக்கு குழறியபோது குடித்திருக்கிறாய் என்று சொல்லி வேலையிலிருந்து நிறுத்தினார்கள். நீ சாராயத்தைத் தொட்டதே இல்லை. ஒரு நாள் தலைவலி, வாந்தி, வலிப்பு. கண் விழித்தபோது வலது பக்கம் பார்வை இல்லை.

சென்னையில்தான் ஒரு டாக்டர் நோயைக் கண்டுபிடித்தார். உடம்பின் செல்களுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது, சாப்பாட்டைச் சக்தியாக மாற்றுவது அதுதான், உனக்கு அதில் பிறவியிலேயே கோளாறு என்றார். மூளை, தசை, காது என்று சக்தி நிறையத் தேவைப்படும் இடங்கள்தான் முதலில் அடிபடுமாம். குணமாக்க மருந்து இல்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை.

நீ உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. "என் பசங்களுக்கு வருமா சார்?" என்றுதான் கேட்டாய்.

"வராது. இது அம்மாகிட்ட இருந்து மட்டும்தான் பிள்ளைங்களுக்குப் போகும்."

அது உனக்குக் கேட்கவில்லை. உன் காதருகில் குனிந்து நான்தான் திரும்பச் சொன்னேன். உன் முகம் மலர்ந்தது. என் பக்கம் திரும்பியதும் அந்த மலர்ச்சி அப்படியே நின்றுபோனது.

"அப்ப... நீ? உன் பொண்ணு கவிதா?"

அரக்கோணம் ரயிலில் திரும்பும்போது, காது மந்தமாகி, சர்க்கரையோடு சீக்கிரமே போய்ச் சேர்ந்த அம்மாவை இருவருமே நினைத்திருக்க வேண்டும். "அம்மாவத் திட்டாத. அதுக்கு இன்னா தெரியும், பாவம்" என்றாய். அடுத்த மழைக்காலத்துக்குள் நீயும் போய்விட்டாய்.

எனக்கு இருப்பது ரத்தப் பரிசோதனையில் உறுதியாகிவிட்டது. இடது காது இப்போது சரியாகக் கேட்பதில்லை. கவிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மாமாவுக்குத் தெரியறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடுச்சு. நான் முன்னாடியே தெரிஞ்சிக்கிறேம்மா" என்று அவளே கிளம்பினாள்.

இன்று முடிவு வந்தது. அவளுக்கும் இருக்கிறது. எப்போது தொடங்கும், எவ்வளவு தாக்கும், தொடங்காமலே போகுமா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். "நீ வேணும்னா குடுத்த? விடும்மா" என்றாள்.

இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அவளை முன்னால் போகவிட்டேன். நடை தடுமாறுகிறதா, பின்னால் வரும் வண்டிச் சத்தம் அவளுக்குக் கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டே போனேன். இனி என் கண்ணுக்கு இதுதான் வேலை, அண்ணா.